ஏடு பெயர்த்தலும் இசை பெயர்த்தலும்

புதுவை மாநிலத்தின் பாகூரைப் பற்றி வரலாற்றுப் பாடத்தில் நீங்கள் படித்திருப்பீர்கள். ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் காலத்தில், அவ்வூரில் ஒரு வித்தியாஸ்தானம், அதாவது உயர்கல்விக் கூடம், இருந்தது. அதன் செலவுக்காக மூன்று ஊர்கள் அறமாக வழங்கப்பெற்றன. அச்செய்தியைச் செப்பேடுகளில் வடமொழியிலும் தமிழிலும் வெட்டிவைத்தார்கள். அவ்வேடுகள் 1879-ஆம் ஆண்டில் மண்ணிலிருந்து வெளிப்பட்டன. ஓராயிரம் ஆண்டு புதைந்து கிடந்தபோதிலும் எழுத்து அழியவில்லை. எழுத்தறிந்தார் அவற்றைப் படித்துப் பொருள் கண்டனர். படிப்பதற்குக் கண்ணும் கல்வியும் போதுமாயின. வேறு கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை.

இனி மற்றொரு காட்சியைக் கூறுகிறேன். வில்லியனூருக்கு அண்மையிலுள்ள ஒதியம்பட்டு என்னும் சிற்றூர் என் ஊர். அங்கே என் வீட்டு அலமாரியில் ஒரு பிஸ்கட்டுத் தகரப் பெட்டி உண்டு. அதனுள் ஐந்து சிறு தட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் உள்ளங்கையிற் பாதியளவே இருக்கும். 1998-ஆம் ஆண்டில் எங்கள் ஊர்ப் பெண்கள் பாடிய நடவுப் பாட்டுகளும், தெருக்கூத்துக் குழுவொன்றின் பாட்டுகளும், என் அன்னையாரின் குரலும் அவற்றுள் அடங்கியுள்ளன. பதிவாகி முப்பது ஆண்டுகூட ஆகவில்லை. ஆயினும் அத்தட்டுகளை ஒலிக்கச் செய்யும் கருவி இன்று கடையில் விற்பதில்லை. செப்பேடு ஆயிரம் ஆண்டு கடந்து பேசிற்று. என் தட்டோ இருபது ஆண்டில் ஊமையாயிற்று. இது ஏன் நிகழ்ந்தது? ஊமையானதை மீண்டும் பேசவைக்க வழி உண்டா? இவ்விரு வினாக்களையும் ஒலிப்பதிவின் வரலாற்றோடு சேர்த்து இன்று ஆராய்வோம்.

பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதனின் குரல் அவனோடு மறைந்தது. கரிகாலன் எவ்வாறு பேசினான் என்பதை நாம் அறியோம். ஞானசம்பந்தர் எந்தக் குரலிற் பாடினார் என்பதையும் அறியோம். 1877-இல் அமெரிக்கரான எடிசன், உருளையின் மேற் சுற்றிய ஈயத்தாளில் ஊசியால் ஒலியைக் கீறிப் பதித்தார். பத்தாண்டு கழித்து எமில் பெர்லினர் உருளையை விடுத்துத் தட்டையான வட்டைக் கொணர்ந்தார். அதுவே கிராமபோன் இசைத்தட்டு. 1902-இல் கெய்ஸ்பர்க் என்னும் பொறிஞர் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் முதலியோரின் பாட்டைப் பதிவு செய்தார். அடுத்த சில ஆண்டுகளில் சென்னையிலும் பதிவு தொடங்கிற்று. ஒன்றை இங்கே நினைவிற் கொள்ளுங்கள். அத்தட்டுகளைச் செய்வதற்கு வேண்டிய அரக்கு நம் நாட்டுக் காடுகளிலிருந்தே உலகெங்கும் சென்றது. பாடுவோரும் நம்மவர், பதிவேறும் பொருளும் நம்முடையது. கருவி மட்டுமே அயலாருடையது.

அரக்குத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேற்பட்ட பாட்டே அடங்கும். ஓர் இராகத்தை ஒரு மணிநேரம் விரித்துப் பாடும் வித்துவான், அதனை மூன்று நிமிடத்துக்குள் மடக்க வேண்டியதாயிற்று. ஆயினும் அத்தட்டுகள் இல்லையேல் நம் இழப்பு எத்துணைப் பெரிது! 1933-இல், தம் இருபத்தேழாம் வயதில், எஸ். ஜி. கிட்டப்பா மறைந்தார். அவர் பாடிய மேடைகள் இன்று இல்லை. அவரை நேரிற் கேட்ட செவிகளும் இல்லை. தட்டுகளில் மட்டுமே அக்குரல் இருக்கிறது. 1956-இல் மறைந்த திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் தோடியும் அவ்வாறே நமக்குக் கிடைத்தது.

கடைக்குப் போகாத இசையையும் சிலர் தேடிச் சென்று பதித்தார்கள். ஆலந்து நாட்டு அறிஞர் அர்னால்டு பேக் என்பவர் அத்தகையவர். 1938-ஐ ஒட்டித் தென்னாட்டிற் சுற்றி, ஊர்ப்புறத்து ஆடலையும் பாடலையும் அவர் பதிவு செய்தார். அவர் கையாண்டது 'டெஃபி' என்னும் ஜெர்மானியக் கருவி. நீண்ட சுருள்பட்டை ஒன்றில் ஊசியால் வரி கீறும் முறை அது. அவ்வகைக் கருவி விரைவிலேயே வழக்கொழிந்தது. பட்டைகள் இருந்தன, ஓட்டும் பொறி அரிதாயிற்று. நல்லோர் முயற்சியால் அவ்வொலிகள் வேறு நாடாக்களுக்கு மாற்றப்பட்டமையால் பிழைத்தன. பேக்கின் மாணவரான நசீர் ஜெயராஸ்பாய் 1984-இல் அவற்றின் படிகளை எடுத்துக்கொண்டு, தம் ஆசிரியர் சென்ற ஊர்களுக்கே மீண்டும் வந்தார். அரை நூற்றாண்டுக்கு முன் ஒலித்த பாட்டை அவ்வூர் மக்களுக்குப் போட்டுக் காட்டி, எது நிலைத்தது, எது மாறியது, எது மறைந்தது என்று ஆராய்ந்தார். தக்க காலத்தில் ஒலி பெயர்க்கப்படாதிருப்பின் இவ்வாராய்ச்சி எவ்வாறு நடந்திருக்கும்?

அடுத்து வந்தது காந்த ஒலிநாடா. 1935-இல் ஜெர்மனியில் அதன் பொறி முதன்முதலிற் பொதுமக்களுக்குக் காட்டப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அது உலகெங்கும் பரவியது. 1938-இல் தொடங்கிய சென்னை வானொலி நிலையத்துக்கும் 1939-இல் தொடங்கிய திருச்சி நிலையத்துக்கும் நாடா பெருந்துணையாயிற்று. முன்பு கலைஞர் நேரில் வந்து பாட, அது அப்போதே காற்றிற் கலந்து மறையும். நாடா வந்தபின் கச்சேரி முழுவதையும் காத்துவைக்க முடிந்தது. 1954-இல் அகில இந்திய வானொலி, ஒலிப்பதிவுகளைப் பேணவும் நிலையங்களுக்கிடையே பகிரவும் தனிப்பிரிவு ஒன்றை ஏற்படுத்திற்று. அதே காலத்தில் பிரெஞ்சு அறிஞர் அலென் தானியேலு, இந்திய இசைப் பதிவுகளைத் தொகுத்து 1955-இல் யுனெஸ்கோவின் ஆதரவோடு இசைத்தட்டாக வெளியிட்டார். எம். எஸ். சுப்புலட்சுமியின் குரல் அத்தொகுப்பின் வழி ஐரோப்பிய இல்லங்களை அடைந்தது. பின்னர் அவர் நம் புதுவையிலுள்ள பிரெஞ்சுக் கீழ்த்திசை ஆய்வுப்பள்ளியிலும் பணிபுரிந்தார்.

தட்டும் நாடாவும் ஒரு குறையை உடையன. ஒலியின் அலை எவ்வாறு நெளிகிறதோ அவ்வாறே தட்டின் வரியும் நெளியும்; நாடாவின் காந்தமும் ஏறி இறங்கும். எனவே ஒரு படியிலிருந்து மறுபடி எடுக்கும்போது சிறிது தேய்வு சேரும். அப்படியிலிருந்து இன்னொரு படி எடுத்தால் தேய்வு மிகும். மண்ணச்சிலிருந்து மண்ணச்சு எடுத்துக்கொண்டே போனால் பத்தாவது பொம்மைக்கு மூக்கு மழுங்கிப்போகும் அன்றோ? அவ்வாறே ஒலியும் மழுங்கும். இக்குறைக்கு மருந்தாக வந்ததே எண்முறைப் பதிவு.

இதன் கருத்தைக் கண்டவர் அலெக் ரீவ்ஸ் என்னும் ஆங்கிலேயப் பொறிஞர். அவர் பாரிசில் பணிபுரிந்தபோது, 1938-இல் பிரான்சு நாட்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார். கருத்து எளிதே. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் உடல்வெப்பத்தை மருத்துவமனைத் தாதியர் மணிக்கு ஒருமுறை அளந்து அட்டையில் எண்ணாக எழுதுகிறார்கள். அவ்வெண்களைப் புள்ளிகளாக வைத்துக் கோடு வரைந்தால் காய்ச்சலின் ஏற்ற இறக்கம் தெரிந்துவிடும். அதைப்போலவே ஒலியலையின் உயரத்தை ஒரு வினாடிக்குப் பல்லாயிரம் தடவை அளந்து எண்ணாக எழுதிவைப்பதே எண்முறைப் பதிவு. எண்ணைப் படியெடுத்தால் தேய்வு இல்லை. ஐம்பத்திரண்டு என்பதை நூறு பேர் வரிசையாகப் பார்த்தெழுதினாலும், பிழையின்றி எழுதினால், அது ஐம்பத்திரண்டாகவே இருக்கும்.

எத்தனை தடவை அளக்க வேண்டும்? மனிதச் செவி கேட்கவல்ல மிக நுண்ணிய ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுடையது. அதனைக் குறைவின்றிப் பிடிக்க அதன் இருமடங்குக்கு மேல் அளக்க வேண்டும் என்பது கணிதம். குறுந்தட்டில் அவ்வெண்ணிக்கை 44,100 என்று அமைந்தது. இந்த விந்தையான எண் எங்கிருந்து வந்தது என்று பலர் வியப்பதுண்டு. அதன் பின்னே ஒரு வரலாறு இருக்கிறது. எண்முறைப் பதிவின் தொடக்க நாளில் அத்தனை எண்களைத் தாங்கக்கூடிய நாடா, தொலைக்காட்சிப் படம் பதியும் வீடியோ நாடா ஒன்றே. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் வழங்கிய முறையில் வினாடிக்கு 60 பாதிப்படங்கள். ஒவ்வொன்றிலும் பயன்படும் கோடுகள் 245. ஒரு கோட்டில் ஒரு செவிக்கு மூன்று எண்கள். அறுபதை 245-ஆலும் மூன்றாலும் பெருக்கிப் பாருங்கள்: 44,100. ஐரோப்பிய முறையில் 50 பாதிப்படம், 294 கோடு, மூன்று எண். பெருக்கினால் அதே 44,100! படத்துக்கென்று செய்த நாடாவிற் பாட்டைக் குடியேற்றியதன் அடையாளம் இன்றும் அவ்வெண்ணில் நிற்கிறது.

1972-இல் ஜப்பானிய நிறுவனம் ஒன்று இம்முறையில் இசையைப் பதிவு செய்து வெளியிடத் தொடங்கிற்று. 1982 அக்டோபரில் குறுந்தட்டு ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. பன்னிரண்டு சென்டிமீட்டர் அகலமுள்ள அவ்வட்டில் ஒரு மணிநேரத்துக்கு மேற்பட்ட இசை அடங்கிற்று. 1987-இல் 'டாட்' எனப்படும் எண்முறை ஒலிநாடா பிறந்தது. அடுத்து 1992-இல் மினிடிஸ்க் என்னும் சிறுதட்டு வந்தது. அதே காலத்தில் வீடியோ நாடாவில் எட்டு வரிசை ஒலியைப் பதியும் 'அடாட்' பொறியும் பாட்டுக்கூடங்களுக்கு வந்தது. வெற்றுக் குறுந்தட்டில் நாமே பதியும் வசதியும் பரவிற்று. இனி ஒலிக்கு அழிவே இல்லை என்று உலகம் மகிழ்ந்தது. அம்மகிழ்ச்சி நீடித்ததா?

டாட் நாடாவை எடுத்துக்கொள்வோம். அதன் அகலம் நான்கு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதில் ஒலியெண்கள் சாய்வான வரிகளாகப் பதிகின்றன. ஒரு வரியின் அகலம் ஏறத்தாழ 13.6 மைக்ரான். நம் தலைமயிர் ஒன்றின் பருமனுக்குள் இத்தகைய ஐந்து வரிகள் நெருங்கி நிற்கக்கூடும். நிமிடத்துக்கு 2,000 சுற்றுச் சுழலும் உருளையொன்று அவ்வரிகளைத் தடவிப் படிக்கிறது. ஒரு பொறியிற் பதிந்த நாடாவை, சாய்வு இம்மியளவு மாறிய வேறொரு பொறி படிக்க மறுத்துவிடும். நம் கடற்கரை நாட்டின் ஈரக்காற்று உருளையிற் பனித்தால், பொறி தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும். இத்தனை நுட்பமான பொறியை உண்டாக்கும் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக விலகின. சோனி நிறுவனம் 2005-இல் டாட் பொறி செய்வதை நிறுத்தியது. மினிடிஸ்க் கருவி 2013-இல் நின்றது. அதற்குரிய வெற்றுத் தட்டுகளும் 2025 பிப்ரவரியோடு நின்றன.

எண்முறைப் பதிவின் அழிவு மற்றொரு வகையிலும் வேறுபட்டது. பழைய நாடா மெல்ல மெல்ல நோயுறும். இரைச்சல் கூடும், குரல் மங்கும். கேட்போர் அதனை உணர்ந்து காக்க நேரம் உண்டு. எண்முறைப் பதிவு அவ்வாறன்று. அதனுள் பிழை திருத்தும் கணக்கு ஒன்று அமைந்திருக்கிறது. மதிப்பெண் பதிவேட்டில் ஒவ்வொரு மாணவனுக்கும் கூட்டுத்தொகை, ஒவ்வொரு பாடத்துக்கும் கூட்டுத்தொகை என இருவகையாக எழுதிவைப்போம். நடுவில் ஓரெண்ணின் மேல் மை கொட்டிவிட்டாலும் கூட்டுத்தொகைகளைக் கொண்டு அதனை மீட்டுவிடலாம். அதைப்போலவே பொறியும் சிதைந்த எண்களைத் தானே கணித்து நிரப்புகிறது. ஆகையால் நாடா உள்ளே நலிந்துகொண்டிருந்தாலும் வெளியே பாட்டு பழுதின்றிக் கேட்கும். சிதைவு அளவு கடந்த அன்று, கணக்கு கைவிட்டுவிடும். ஒலி திடீரென அறுந்துபோகும். நேற்று நலமாக இருந்தவர் இன்று இல்லை என்பது போன்றது அது.

இப்போது என் தகரப் பெட்டிக்கு வருகிறேன். எங்கள் வட்டாரத்திற் பல குடும்பங்களுக்குப் பிரான்சில் உறவினர் உண்டு. என் தாய்மாமன் மைந்தர் பாரிசிற் பணிபுரிந்தவர். 1998-இல் விடுப்பில் வந்தபோது கையடக்கமான மினிடிஸ்க் பதிவுக் கருவி ஒன்றைக் கொண்டுவந்தார். "அத்தை, கூச்சப்படாமற் பாடுங்கள், நீங்கள் பாடுவதை என் பிள்ளைகள் அங்கே கேட்கட்டும்" என்று என் அன்னையாரை வேண்டினார். அன்னையார் நாணத்தோடு தொடங்கி, வயல்வெளியை நினைத்ததும் தம்மை மறந்து பாடினார். அண்டை வீட்டுப் பெண்மணிகள் குலவையிட்டனர். மறுவாரம் கூத்துக் குழுவின் ஆர்மோனியத்தையும் மத்தளத்தையும் முகவீணையையும் பதிந்தோம். தட்டுகளை என்னிடம் விட்டு அவர் திரும்பிச் சென்றார். 2003-இல் அன்னையார் மறைந்தார்.

2006-இல் கருவியின் தடுமாற்றம் கண்டு நான் அஞ்சினேன். மூன்று தட்டுகளை ஒரு கடையிற் கொடுத்து வெற்றுக் குறுந்தட்டுகளுக்கு மாற்றச் செய்தேன். பளபளப்பான அவற்றின் மேற் பெயரெழுதி அடுக்கிவிட்டு, என் கடமை தீர்ந்ததென்று மன அமைதி கொண்டேன். இங்கேதான் நான் தவறினேன். அத்தட்டில் எண்கள் பதிவது மெல்லிய சாயப்படலம் ஒன்றில். மலிவான தட்டாயின் அச்சாயம் வெப்பத்தாலும் ஒளியாலும் ஈரத்தாலும் விரைவில் கெடும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுவையையும் கடலூரையும் தாக்கியதை நீங்கள் கேள்வியுற்றிருப்பீர்கள். எங்கள் ஓடுகள் பறந்தன; அலமாரியிலும் நீர் புகுந்தது. 2019-இல் பணி ஓய்வு பெற்று அவற்றை எடுத்துப் பார்த்தபோது, பள்ளிவிழாக்களைப் பதிந்த ஒலிநாடாக்களிற் பூசணம் பூத்திருந்தது. குறுந்தட்டுகளைக் கணிப்பொறி ஏற்க மறுத்தது. மூலமான சிறுதட்டுகளோ, தத்தம் பிளாஸ்டிக் கூட்டுக்குள் நலமாக இருந்தன. ஆனால் கருவியின் மின்கலம் கசிந்து உள்ளுறுப்பை அரித்துவிட்டிருந்தது. மூலத்துக்கு முன்பே படி மாண்டது. மூலம் இருந்தும் கருவி இல்லை.

என் மாணவர் ஒருவர் சென்னையில் ஒலிப்பதிவுத் தொழிலில் இருக்கிறார். பழைய மினிடிஸ்க் பொறி ஒன்றை அவர் தேடிப்பிடித்துப் பழுதுநீக்கி வைத்திருந்தார். ஒளியிழைக் கம்பியால் அதனைக் கணிப்பொறியோடு இணைத்தார். எழுபத்துநான்கு நிமிடத் தட்டைப் பெயர்க்க எழுபத்துநான்கு நிமிடமும் உடனிருக்க வேண்டும். நான்கு தட்டுகள் பிழையின்றிப் பெயர்ந்தன. ஐந்தாவது தட்டைச் செருகியதும் 'வெற்றுத் தட்டு' என்று பொறி காட்டியது. அதுவே என் அன்னையாரின் தட்டு.

காரணத்தை என் மாணவர் எனக்குப் பாடமாக விளக்கினார். முன்பு நான் ஆசிரியன். அன்று நான் மாணவன். மினிடிஸ்க்கின் ஒரு பகுதியில் பொருளடக்கம் உண்டு. எந்தப் பாட்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது அதில் இருக்கும். பதிவு முடிந்து நிறுத்திய பின்னரே கருவி அதனை எழுதும். அன்றிரவு பாட்டின் இறுதியில் மின்கலம் தீர்ந்து கருவி அணைந்தது எனக்கு நினைவு வந்தது. பாட்டு தட்டில் இருந்தது, பொருளடக்கம் எழுதப்படவில்லை. பொருளடக்கமற்ற தட்டை வெறுமையென்று கருதுவது பொறியின் இயல்பு. இதற்கு ஒரு தந்திரம் உண்டு. முழுநேரமும் பதிவான வேறொரு தட்டின் பொருளடக்கத்தைப் பொறியின் நினைவில் ஏற்றி, அது அறியாவண்ணம் தட்டை மாற்றி, அப்பொருளடக்கத்தை இத்தட்டில் எழுதச் செய்யவேண்டும். இரண்டு முறை முயன்று தோற்றார். மூன்றாம் முறை பொறி சுழன்றது. இருபத்தோராண்டுக்குப் பின் என் அன்னையாரின் குரல் அவ்வறையில் எழுந்தது. நான் சிறிது நேரம் வெளியே சென்று நிற்க வேண்டியதாயிற்று.

எல்லாம் மீளவில்லை என்பதையும் சொல்லவேண்டும். மினிடிஸ்க் ஒலியை முதலில் தன் நினைவில் வாங்கிப் பின்னரே தட்டில் இறக்கும். மின்கலம் அணைந்தபோது நினைவிலிருந்த சில வினாடிகள் தட்டை அடையவேயில்லை. பாட்டின் இறுதி அடி அதனோடு போயிற்று. அவ்வடியை அறிந்தவர் உளரா என்று எங்கள் தெருவிலும் பக்கத்து ஊர்களிலும் கேட்டுப் பார்த்தேன். அன்று குலவையிட்ட பெண்மணிகளுள் இருவரே எஞ்சியிருந்தனர், அவர்களுக்கும் நினைவில்லை. மேலும் ஒன்று: குறுந்தட்டில் இருக்கவேண்டிய எண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கையே மினிடிஸ்க் வைத்துக்கொள்கிறது. செவிக்குத் தெரியாது என்று அது கருதும் ஒலிகளை விட்டுவிடுகிறது. விட்டதை எந்தப் பொறியாலும் மீட்க இயலாது.

ஒரு வீட்டின் கதை இது. நாட்டின் கதையும் இத்தகையதே. உலகெங்குமுள்ள ஒலி ஆவணகங்கள் 1969-இல் ஒரு சங்கமாக இணைந்தன. பழைய தட்டு, நாடா முதலியவற்றைப் பெயர்க்கும்போது வினாடிக்கு 96,000 தடவை, 24 பிட் நுட்பத்தோடு அளப்பது நன்று என்று அச்சங்கம் நெறி வகுத்துள்ளது. எண்முறையிற் பிறந்த பதிவாயின் எண்களை மாற்றாமல் அவ்வாறே பெயர்க்க வேண்டும். 2019-இல் அச்சங்கமும் யுனெஸ்கோவும் சேர்ந்து உலகுக்கு ஓர் எச்சரிக்கை விடுத்தன. நாடாவை ஓட்டும் பொறிகளும் உதிரிப்பாகங்களும் பழுதுநீக்கும் கைகளும் மறைந்து வருகின்றன. 2025-ஐ ஒட்டி நாடாக்களைப் பெயர்ப்பது பல நிலையங்களுக்கு இயலாததாகிவிடலாம் என்பதே அவ்வெச்சரிக்கை. அந்த ஆண்டு வந்தும்விட்டது.

நம் நாட்டிலும் இப்பணி நடவாமல் இல்லை. குருகிராமத்திலுள்ள இசை ஆவண ஆய்வு நடுவம் 1982-இல் தோன்றியது. பேக்கின் பதிவுப் படிகளும் அங்கே உள்ளன. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் நூல்களோடு கிராமபோன் தட்டுகளையும் காக்கிறது. மியூசிக் அகாதெமியிற் பழைய கச்சேரிகளை எண்முறையிற் கேட்க வசதி உண்டு. அகில இந்திய வானொலி இந்நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து தன் நாடாக்களை எண்முறைக்குப் பெயர்த்து வருகிறது. ஆயினும் ஊர்தோறும் அலமாரிகளிலும் பரண்களிலும் கிடக்கும் நாடாக்களுக்குப் பொறுப்பாளர் யார்? அவ்வவ்வீட்டாரே!

இது நமக்குப் புதிய சிக்கலும் அன்று. பனையோலை சில நூற்றாண்டுகளே நிற்கும். செல்லரிக்கும், ஒடியும், இற்றுப்போகும். நம் முன்னோர் என்ன செய்தனர்? ஓலை இற்றுப்போகுமுன் புதிய ஓலையிற் பெயர்த்தெழுதினர். அதுவும் இற்றுப்போகுமுன் அடுத்த தலைமுறை பெயர்த்தெழுதிற்று. சங்க நூல்கள் நமக்குக் கிடைத்தது ஓலையின் வலிமையால் அன்று. பெயர்த்தெழுதிய கைகளின் தொடர்ச்சியால்தான். எந்தத் தலைமுறை எழுத்தாணியைக் கீழே வைத்ததோ, அந்தத் தலைமுறையில் நூல் மறைந்தது. எஞ்சியவற்றை ஊர் ஊராகத் தேடி அச்சேற்றிய உ. வே. சாமிநாதையர், இற்றுப்போன ஏடுகளைக் கண்டு நொந்த நோவைத் தமிழுலகம் அறியும். செப்பேடு தானே நிலைக்கும். ஓலை பெயர்த்தாலன்றி நிலைக்காது. எண்முறை ஒலிப்பதிவைச் செப்பேடென்று நாம் மயங்கினோம். உண்மையில் அது ஓலை. அதுவும் விரைந்து இற்றுப்போகும் ஓலை.

ஆனால் இந்த ஓலைக்கு ஒரு பெருஞ்சிறப்பு உண்டு. ஏடெழுதியோர் கைப்பிழையாற் பாடபேதம் புகுந்தது. எண்களைக் கணிப்பொறி பெயர்த்தெழுதும்போது, படியும் மூலமும் ஒன்றே என்பதைச் சரிபார்க்கும் கணக்கும் உண்டு. ஆதலால் பெயர்ப்பவன் இருக்கும்வரை எண்முறை ஒலி தேயாமல் நிற்கும்.

மாணவ நண்பர்களே, உங்கள் ஒவ்வொருவர் கைப்பேசியிலும் இன்று ஒரு பதிவுக்கருவி இருக்கிறது. என் தாய்மாமன் மைந்தர் பெரும்பொருள் கொடுத்து வாங்கியதைவிட அது திறமானது. உங்கள் பாட்டனாரும் பாட்டியாரும் பாடும் தாலாட்டையும் நடவுப் பாட்டையும் கூத்துப் பாட்டையும் அவர்கள் இசைவு பெற்றுப் பதியுங்கள். பாடியவர் பெயர், ஊர், நாள், எப்போது பாடும் பாட்டு என்பவற்றைப் பதிவின் தொடக்கத்திலேயே உங்கள் குரலிற் சொல்லுங்கள். அதுவே கிழியாத பொருளடக்கம். மூன்று படி வையுங்கள். அவை ஒரே வகைப் பொருளில் இருத்தல் ஆகாது. அவற்றுள் ஒன்று வேறோர் ஊரில் இருக்கட்டும். புயல் ஓர் ஊரை அடித்தாலும் மற்றோர் ஊர் காக்கும். ஆண்டுதோறும் ஒரு நாள், பொங்கலுக்கு வீடு தூய்மை செய்யும் நாளென்று வைத்துக்கொள்ளுங்களேன், எல்லாவற்றையும் திறந்து கேட்டுப் பாருங்கள். ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை புதிய கருவிக்குப் பெயர்த்துவிடுங்கள். வீட்டில் பழைய நாடாவோ சிறுதட்டோ இருப்பின், அதனை ஓட்டும் பொறியையும் ஓட்டத் தெரிந்தவரையும் இன்றே தேடுங்கள்.

என் அன்னையாரின் பாட்டு இப்போது மூன்று இடங்களில் இருக்கிறது. ஒன்று ஒதியம்பட்டில், ஒன்று சென்னையில், ஒன்று பாரிசில் வாழும் பேரப்பிள்ளைகளிடம். அதன் இறுதி அடி மட்டும் எங்கும் இல்லை. அவ்வடியை அறிந்த மூதாட்டி ஒருவர் நம் வில்லியனூர், பாகூர் வட்டாரத்துச் சிற்றூர் எதிலேனும் இன்னும் இருக்கக்கூடும். இதனைக் கேட்கும் நீங்கள் அவருடைய பேரனாகவோ பேத்தியாகவோ இருக்கலாம். இன்று மாலை வீட்டுக்குச் சென்றதும் அவர் அருகில் அமருங்கள். பாடும்படி கேளுங்கள்.